அவாவும் கற்றலும்: மூளையிலுள்ள ஒரு பொருளைப் பற்றிய ஆராய்ச்சி

மாந்தரேயன்றி விலங்கினமும் தமக்கு நலந்தந்த செயலை மீண்டுஞ் செய்ய விழைவதும், தீங்கு தந்ததனை விலக்குவதும் யாவரும் அறிந்ததே. எனினும், இவ்விழைவு யாண்டுப் பிறக்கின்றது, பட்டறிவு அதனை எங்ஙனம் திருத்துகின்றது என்னும் வினாக்களுக்கு நெடுங்காலம் தக்க விடை கிட்டிற்றில்லை. மூளையின்கண் உண்டாகும் டோபமின் என்னும் பொருள் இவ்விஷயத்திற் கொள்ளும் பங்கினை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள. அவற்றுள் டோபமினைச் சுரப்பன பெரும்பாலும் நடுமூளையிலுள்ள சில லட்சம் அணுக்களே. தொகையிற் சிறியவாயினும், இவற்றின் இழைகள் கிளைத்து முன்மூளையின் பல பகுதிகளிலும் பரவுகின்றன. முன்னாளில் அறிஞர் இப்பொருளை வேறொரு பொருள் உண்டாதற்கு இடைப்பட்டதொரு படி என்றே கருதியிருந்தனர். ஸ்வீடன் தேசத்து லுண்ட் நகரில் ஆர்விட் கார்ல்ஸன் என்பார் 1957-ஆம் ஆண்டில் செய்த சோதனை அக்கருத்தை அசைத்தது. நம் நாட்டு மூலிகையாகிய சர்ப்பகந்தியினின்றும் எடுக்கப்படும் ரெசர்பின் என்னும் மருந்தினை அவர் முயல்களுக்கு ஏற்றினார். அவை அசைவற்றுச் சோர்ந்து கிடந்தன. டோபமினாக மாறவல்ல டோபா என்னும் பொருளை ஏற்றவே, சிறிது நேரத்தில் அவை எழுந்து நடமாடின. 1960-இல் வியன்னாவில் ஹார்னிகீவிச் என்பார், நடுக்குவாதமாகிய பார்க்கின்ஸன் நோயால் இறந்தோர் மூளையில் இப்பொருள் மிகக் குன்றியிருத்தலைக் கண்டனர். கார்ல்ஸனுக்கு 2000-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

இஃது இவ்வாறாக, 1954-இல் கானடாவிலுள்ள மக்கில் சர்வகலாசாலையில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்னும் இருவர் எலிகளின் மூளையில் நுண்ணிய மின்கம்பியைப் பொருத்தினர். எலி ஒரு நெம்புகோலை அழுத்துந்தோறும் மூளையின் ஒரு பகுதியிற் சிறிது மின்சாரம் பாயும். வேறு பயன் எதுவுமின்றியே எலிகள் அதனை மணிக்கு நூற்றுக்கணக்கான முறை அழுத்தின. மூளையில் இன்பத்திற்கென ஓரிடம் உண்டென்னும் எண்ணம் இதனாற் பரவிற்று. பின்னர், டோபமினே இன்பந் தரும் பொருள் எனப் பலர் கூறுவாராயினர். அக்கூற்று முற்றும் பொருந்துமா என்பதே இனி நோக்கற்பாலது.

சுவிட்சர்லாந்தில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்பார் குரங்குகளின் டோபமின் அணுக்கள் எழுப்பும் மின்துடிப்புக்களை அளந்தார். எதிர்பாராது பழரசம் வாயில் வீழ்ந்தபொழுது அவ்வணுக்கள் விரைந்து துடித்தன. ஒரு விளக்கு எரிந்த பின்னரே ரசம் வருமெனக் குரங்கு பழகியபின், விளக்கைக் கண்டபொழுதே அவை துடித்தன. ரசம் வந்தபொழுதோ வழக்கமான மெல்லிய துடிப்பே நிகழ்ந்தது. விளக்கைக் காட்டிவிட்டு ரசத்தை நிறுத்தியக்கால், ரசம் வரவேண்டிய அதே கணத்தில் துடிப்பு வழக்கத்தினும் தாழ்ந்தது. இன்பமே அத்துடிப்பிற்குக் காரணமாயின், பழகிய ரசமும் துடிப்பை எழுப்புதல் வேண்டுமன்றோ? அங்ஙனம் எழாமையின், அவ்வணுக்கள் காட்டுவது பரிசினையன்று. எதிர்பார்த்ததற்கும் பெற்றதற்கும் உள்ள வேற்றுமையினையே என்பது பெறப்படும். ஷுல்ட்ஸ், டயான், மாண்டேகு என்னும் மூவரும் இதனை 1997-இல் விளக்கி வெளியிட்டனர்.

இவ்வேற்றுமை கற்றலுக்கு எவ்வாறு உதவுமெனின், ஓர் உதாரணத்தாற் காட்டுதும். பரிசின் மதிப்பு 100 எனவும், தொடக்கத்தில் எதிர்பார்ப்பு 0 எனவும், ஒவ்வொரு முறையும் வேற்றுமையிற் பாதி எதிர்பார்ப்போடு கூடுமெனவும் கொள்க. முதன்முறை வேற்றுமை 100. எதிர்பார்ப்பு 50 ஆகும். இரண்டாமுறை வேற்றுமை 50. எதிர்பார்ப்பு 75 ஆகும். மூன்றாமுறை வேற்றுமை 25. எதிர்பார்ப்பு 87½ ஆகும். வேற்றுமை குறையக் குறையக் கற்றலும் குறைந்து நிற்கும். 1972-இல் ரெஸ்கோர்லா, வாக்னர் என்னும் உளநூலார் வகுத்த விதி இத்தன்மைத்தே. சட்டன், பார்ட்டோ என்னும் இருவர் காலமுறையையும் அதனோடு இயைத்து, கணிப்பொறிகளைப் பயிற்றுதற்கு ஏற்ற கணக்கினை வகுத்தனர். பொறிக்கென எழுதிய கணக்கும் குரங்கின் நரம்பும் ஒன்றுபட்டமை வியக்கத்தக்கதன்றோ!

இனி, அவா வேறு, நுகர்ச்சி வேறு என்பதனையும் இவ்வாராய்ச்சி தெளிவிக்கின்றது. அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையைச் சார்ந்த கெண்ட் பெரிட்ஜ் என்பாரும் அவர் துணைவரும் டோபமின் ஏறக்குறைய முற்றும் அழிந்த எலிகளை ஆராய்ந்தனர். அவை உணவு அருகிருந்தும் அதனை நாடவில்லை. ஊட்டாவிடிற் பட்டினியால் மடியும். ஆயினும், நாவிலே இனிப்பு நீரை இட்டால், ஏனை எலிகளைப் போலவே நாவை நீட்டிச் சுவைத்தன. சுவை இருந்தது, நாட்டம் இல்லை. ஆதலின் டோபமின் நுகர்ச்சியினும் அவாவோடே நெருங்கிய தொடர்புடையது என்பது அவர் கொள்கை.

இதன் மறுதலையை மனிதர் வாழ்விற் காண்கின்றோம். கொக்கெய்ன் முதலிய மயக்கப் பொருள்கள் டோபமினை நேரே பெருக்குகின்றன. நாளடைவில் இன்பம் தேய, அவாவோ வளரும். பார்க்கின்ஸன் நோய்க்கு டோபமின் போலத் தொழிற்படும் மருந்துண்போருட் சிலர், முன்பு சூதினை நாடாதவராயிருந்தும், அதில் மிகுந்த வேட்கை கொண்டு பொருளிழந்தனர். மருந்தினைக் குறைத்தபின் அவ்வேட்கை பெரும்பாலும் தணிந்தது. இங்ஙனமாயின், தீய பழக்கத்துட் பட்டாரை மனவுறுதி இல்லாதவரென்று இகழ்ந்து ஒதுக்குதல் நீதியாகுமா? அவர்க்கு வேண்டுவது மருத்துவமும் உற்றார் துணையுமேயாம். ஆயினும், ஒரு பொருளே மனிதனின் விழைவனைத்திற்கும் காரணமென்று துணிதலும் தவறு. மூளையின் வேறு பல பகுதிகளும் பொருள்களும் இத்தொழிலிற் கூடியே இயங்குகின்றன.

மாணவ நண்பர்காள்! எதிர்பார்ப்பு பொய்க்குமிடத்தே கற்றல் தொடங்குகின்றது என்பது இவ்வாராய்ச்சியின் சாரம். ஆகவே, கணக்கின் விடையை நூலின் இறுதியிற் பார்க்குமுன், இன்னதாயிருக்குமென்று தாமே துணிந்து எழுதிப் பின் ஒத்துப் பார்த்தல் நன்று. அவ்விடை பிழைத்ததேல் வருந்தற்க. எண்ணியதற்கும் உண்மைக்கும் உள்ள அவ்விடைவெளியே அறிவு புகும் வாயிலாகும்.