அழற்சியும் யானைக்கால் நோயும்

கொச்சியை அடுத்த மட்டாஞ்சேரி, மிளகு வாணிபத்தால் உலகறிந்த ஊர். யானைக்கால் நோயும் அக்கடற்கரைக்குப் பழையதே. ஜெர்மானிய மருத்துவர் எங்கல்பெர்ட் கெம்ப்பர் 1694-இல் லைடனில் அளித்த இலத்தீன் ஆய்வேடு, மலபார் மக்களின் கால்வீக்கத்தைப் 'பெரிக்கால்' என்ற உள்ளூர்ப் பெயராலேயே குறிப்பிடுகிறது. இந்நோயை விளங்கிக்கொள்ள, அழற்சி யாதென முதலில் அறிதல் வேண்டும்.

காலில் முள் தைத்தவுடன், சிதைந்த திசுவிலுள்ள சில அணுக்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களை வெளிவிடுகின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிவடைந்து குருதி மிகுதியாகப் பாய்வதால் அவ்விடம் சிவந்து சூடேறுகிறது. குழாய்ச் சுவர்களின் இடைவெளி அகன்று, புரதம் நிறைந்த நீர் கசிவதால் வீங்குகிறது. நரம்பு முனைகள் தூண்டப்படுவதால் வலிக்கிறது. செல்சஸ் என்ற ரோமானியர் முதலாம் நூற்றாண்டிலேயே இந்நான்கு குறிகளையும் எழுதி வைத்தார். சில மணி நேரத்தில் வெள்ளணுக்கள் குழாய்களினின்று வெளிப்போந்து கிருமிகளை விழுங்குகின்றன. ஆகவே அழற்சி நோயன்று, காவல்.

கசிந்த நீரை மீளக் கொண்டுசெல்வது நிணநீர்க் குழாய்களின் பணி. மட்டாஞ்சேரியின் இடர் இங்கேதான் தொடங்குகிறது. சாக்கடை நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு பரப்பும் புழுக்கள் இக்குழாய்களில் குடிகொண்டு அவற்றை விரிவடையச் செய்து பழுதாக்குகின்றன. அதன்பின் விரலிடுக்கில் ஒரு சிறு வெடிப்பு போதும். பாக்டீரியா நுழைகிறது, குளிரும் காய்ச்சலுமாக அழற்சி எழுகிறது, தேங்கிய நீர் வடிவதில்லை. ஒவ்வொரு தாக்குதலும் நார்த்திசுவைப் பெருக்கித் தோலைத் தடிக்கச் செய்கிறது. புழு தொடங்கியதைப் பெரிதும் வளர்ப்பது, திரும்பத் திரும்ப வரும் இவ்வழற்சியே எனலாம்.

1955-இல் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. 2004 முதல், நோய் பரவியுள்ள மாவட்டங்களில் மக்கள் அனைவருக்கும் ஆண்டுக்கொருமுறை டி.இ.சி. மாத்திரை வழங்கும் முறை வந்தது. இம்மருந்து குருதியிலுள்ள இளம்புழுக்களை அழித்துப் பரவலைத் தடுக்கும். முற்றிய வீக்கத்தைக் கரைக்காது. ஏற்கெனவே வீங்கிய காலுடையவருக்கு வேண்டுவன சோப்பும் தூய நீரும்தான். காலை நாள்தோறும் கழுவி, விரலிடுக்கை ஈரம் போகத் துடைத்து, வெடிப்புக்குக் களிம்பிட்டு, அமரும்போது உயர்த்தி வைத்தால் தாக்குதல்கள் வெகுவாகக் குறையும். எளிய செயலே; எனினும் குடிநீருக்கே வரிசையில் நிற்கும் வீட்டில் எளிதன்று. மாத்திரைக் கணக்கு எழுதும் அலுவலர் குழாய் நீரையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

காய்ச்சலுடன் கால் சிவந்திருக்கும் நாள்களில் நோயாளிக்கு வேண்டுவன ஓய்வு, குளிர்ந்த ஈரத்துணி, மருத்துவர் தரும் பாக்டீரியக் கொல்லி ஆகியவையே. புழுக்கொல்லி மருந்தைத் தாக்குதல் தணிந்த பின்னரே கொடுத்தல் வேண்டும்.