உடன் உழைத்தோரின் துக்கமும் நமது கடமையும்



ஒரு வீட்டில் மவுத்து நேர்ந்தால் செய்ய வேண்டியது என்ன என்பது நம்மில் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஜனாஸாவுக்குப் போகிறோம். வாரிசுகளைக் கண்டு தஅஸியத் சொல்கிறோம். துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்றறிந்து சோறாக்கி அனுப்புகிறோம். ஆனால், வேலை செய்யுமிடத்தில் விபத்து நேர்ந்து ஒருவர் இறந்துபோனால், அவருடன் தோளோடு தோள் நின்று உழைத்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குத் தஅஸியத் சொல்பவர் யார்? அவர்கள் வாரிசுகளும் அல்லர், உறவினரும் அல்லர். மறுநாள் காலையில் அதே இயந்திரத்தின் முன்னால் போய் நிற்க வேண்டியவர்கள். அவர்களுடைய துக்கத்தைப் பற்றியே இந்தப் பாடத்தில் சிந்திக்கப் போகிறோம்.

இதற்கு உதாரணமாகக் கேளிக்கைப் பூங்காவை எடுத்துக்கொள்கிறேன். தேயிலை மலையில் கடை வைத்திருப்பவனுக்கு ராட்டினப் பூங்காவில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. பூங்காவில் வேலை செய்பவனுக்கும் நம் கடைச் சிப்பந்திக்கும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. வருகிறவரைச் சிரித்த முகத்துடன் வரவேற்பது இருவருக்கும் கடமை. காட்டில் மரம் வெட்டுபவன் அழுதுகொண்டே வெட்டலாம், கேட்பாரில்லை. மகிழ்ச்சியை விற்கும் இடத்தில் வேலை செய்பவன் அழ இடமே கிடையாது. ஆதலால் தோழன் இறந்த துக்கம் அங்கேதான் மிகவும் மறைந்து கிடக்கும்.

சென்னையில் நடந்தது

தாம்பரத்துக்கு அருகில் கிஷ்கிந்தா என்ற பூங்கா பிரசித்தமானது. ஊருக்குப் போகிறபோது நம்மில் பலர் பிள்ளைகளை அழைத்துப் போயிருப்போம். 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கே ஒரு ராட்டினத்தை வெள்ளோட்டம் பார்த்தார்கள். ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் பூங்காவின் தொழிலாளர்களே. ஓடும்போதே ராட்டினம் பழுதாகி விபத்து நேர்ந்தது. இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். உடன் ஏறியிருந்தவர் பலர் காயமடைந்தனர்.

இதைக் கவனியுங்கள். விருந்தாளிகளுக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்காகத்தான் வெள்ளோட்டம். ஆனால் அந்த ஆபத்தை முதலில் தாங்கிக்கொண்டவன் வேலைக்காரன். பாரத்துக்கு மணல் மூட்டையோ நீர் நிரப்பிய பொம்மையோ வைத்து ஓட்டிப் பார்க்கும் வழக்கம் உலகத்தில் உண்டு. மூட்டை இருக்க வேண்டிய இடத்தில் மனிதன் இருந்தான் என்ற எண்ணம், தப்பிப் பிழைத்தவர் நெஞ்சை எப்படி அறுக்கும்? “நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் நான் அல்லவா போயிருப்பேன்?” என்ற கேள்வி வேறு எழும். இந்தக் கேள்விக்கு நஷ்ட ஈட்டுப் பணத்தில் பதில் இல்லை.

அமெரிக்காவில் நடந்தது

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் டிஸ்னி நிறுவனத்தின் பெரிய பூங்கா இருக்கிறது. அங்கே ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் ரயில் 1971 முதல் ஓடி வருகிறது. 2009 ஜூலை 5ஆம் நாள் பின்னிரவில், பூங்கா நாள் முடியும் நேரத்தில், ஒரு வண்டியைப் பின்னோக்கி ஓட்டி வேறு பாதைக்கு மாற்ற உத்தரவு கொடுத்தார்கள். ஆனால் பாதை மாற்றும் பலகம் திருப்பப்படவே இல்லை. பின்னோக்கி வந்த வண்டி, அதே பாதையில் இருந்த இன்னொரு வண்டியில் மோதிற்று. அதை ஓட்டிய 21 வயது இளைஞர் இறந்தார். ஒரு நாள் நிறுத்தப்பட்டிருந்த ரயில் மறுநாளே ஓடத் தொடங்கிற்று. அதை ஓட்டியவர்கள் அவருடைய தோழர்கள்தாம்.

அரசாங்க விசாரணைக் குழு 2011இல் முடிவு சொல்லிற்று. பலகத்தைத் திருப்ப வேண்டியவர் திருப்பவில்லை. திரும்பிற்றா என்று பார்த்து உத்தரவு கொடுக்க வேண்டிய மேற்பார்வையாளர் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் குழு அத்துடன் நிறுத்தவில்லை. வண்டியைப் பின்னோக்கி எடுப்பதற்கு எழுதி வைத்த ஒழுங்கான விதிமுறை நிறுவனத்தில் இல்லாததும் ஒரு காரணம் என்று சேர்த்துச் சொல்லிற்று.

இந்தக் கடைசி வார்த்தை மிக முக்கியம். அது இல்லாவிட்டால் கை தவறிய தொழிலாளி ஒருவன் மீதே பழி முழுவதும் விழுந்திருக்கும். உண்மையை முழுமையாகச் சொன்னால்தான் ஒவ்வொருவரும் தத்தம் பங்கை அறிந்து நிம்மதி அடைவார்கள். பாதி உண்மை சொன்னால் பலவீனமானவன் மீது சுமை முழுவதும் இறங்கும்.

அந்தத் துக்கத்தின் தன்மை

வீட்டாரின் துக்கம் இழப்பு மாத்திரமே. உடன் உழைத்தவரின் துக்கத்தில் மூன்று கலந்திருக்கின்றன: இழப்பு, பயம், குற்ற உணர்ச்சி. கண்ணால் கண்டது இரவில் திரும்பத் திரும்ப வரும், தூக்கம் கெடும். சிலர் வாயே திறவார். சிலருக்குக் காரணமின்றிக் கோபம் வரும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இது தணியும். ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். மனம் திடமில்லாதவன் என்று கேலி செய்யக்கூடாது.

எல்லோரையும் ஒரே தடவை உட்காரவைத்து, கண்டதையெல்லாம் வற்புறுத்திச் சொல்லச் செய்தால் பாரம் இறங்கும் என்று முன்பு சிலர் எண்ணினார்கள். அதனால் பயனில்லை என்று மருத்துவ ஆராய்ச்சிகள் கண்டிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்வது எளிய காரியமே: அவரைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டு போ, தேவை என்ன என்று கேள், பேசினால் காது கொடு, பேசாவிட்டால் நெருக்காதே, சொந்தக்காரரோடு சேர்த்து வை. நம் பெரியவர்கள் படிக்காமலே செய்துவந்தது இதுதான் அல்லவா?

மார்க்கம் காட்டும் வழி

நிற்க. கி.பி. 629இல் நடந்த மூத்தா யுத்தத்தில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதானபோது, அவர் வீட்டாருக்கு உணவு ஆக்கி அனுப்பும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் அறிவோம். அதே யுத்தத்தைப் பற்றி இன்னொரு செய்தியும் சீறா நூல்களில் வருகிறது. தலைவர் மூவரையும் இழந்து மதீனா திரும்பிய படையினரைச் சிலர் ‘ஓடி வந்தவர்கள்’ என்று ஏசினார்கள். நாயகம் அவர்கள் அந்த ஏச்சை மறுத்து, திரும்பியவர்களின் மானத்தைக் காத்தார்கள்.

இறந்தவர் வீட்டுக்கு உணவு. பிழைத்து வந்தவர்க்கு மரியாதை. இரண்டும் ஒரே சம்பவத்தில் கிடைக்கும் பாடங்கள். முதலாவதை நாம் விடாமல் செய்கிறோம். இரண்டாவதை மறந்துவிட்டோம். விபத்து நடந்த இடத்திலிருந்து உயிரோடு வந்தவனைப் பார்த்து “நீ ஏன் அவனைப் பிடிக்கவில்லை?” என்று கேட்கும் வாய்கள் நம் ஊர்களிலும் உண்டு.

நம் நாட்டுச் சட்டம்

1991 மே 7ஆம் நாள் சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்டார்கள். அந்தத் துயரம் நாட்டையே உலுக்கிற்று. அதன் பின்னர் வந்ததுதான் 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். அது திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. மளிகைக் கடையும் அதில் அடக்கம். ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில், பாதுகாப்பைக் கவனிக்க ஒருவரை நியமிக்க வேண்டும். உடனடி ஆபத்து உண்டென்று நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளியிடம் சொல்லியும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், அவ்விடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக்கூடாது.

சொக்சோ திட்டம் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. அந்நியத் தொழிலாளர்களும் 2019 ஜனவரி 1 முதல் அதன் வேலை விபத்துப் பாதுகாப்பில் சேர்ந்திருக்கிறார்கள். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. நம் கடையில் நிற்கும் தமிழ்நாட்டுப் பையனுக்கும் வங்காளதேசத்துத் தொழிலாளிக்கும் சந்தா கட்டியிருக்கிறோமா என்பதை இன்றே பார்த்துக்கொள்ளுங்கள். கட்டாமல் விட்ட சில வெள்ளிகள், ஒரு விதவைக்குச் சேர வேண்டிய ஹக்கு ஆகிவிடும்.

நம் மலையில்

பூங்காவை விட்டு நம் மலைக்கு வருவோம். 2024 ஜனவரி 26ஆம் நாள் அதிகாலையில், கோலா தெர்லாவுக்கு மேலே கம்போங் ராஜா புளூவேலியில் மண் சரிந்து, மியன்மார் நாட்டுக்காரர் ஐவர் அவர்கள் தங்கியிருந்த இடத்திலேயே புதையுண்டு மாண்டார்கள். ஊர் விட்டு ஊர் வந்து பிழைப்பவருக்கு உடன் உழைப்பவனே அண்ணன், தம்பி, மச்சான். தாய் தகப்பன் கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள். இங்கே துக்க வீடு எது? அவன் படுத்திருந்த கொங்சியேதான். சோறு அனுப்ப வேண்டுமானால் அங்கேதான் அனுப்ப வேண்டும்.

கடைக்காரர்களாகிய நமக்கு இன்னொரு விஷயமும் உண்டு. தோட்டத் தொழிலாளி பற்று வாங்கும் ‘555’ நோட்டு நம் மேசையில் இருக்கிறது. ஒருவர் இறந்தால், சில நாள் கழித்து அவரோடு வேலை செய்தவர் இருவர் மூவர் கடைக்கு வந்து, “அவர் பாக்கி எவ்வளவு?” என்று மெதுவாகக் கேட்பது நம் தொழிலில் பலரும் கண்ட காட்சி. ஒரு தோழர் கடனை ஏற்றுக்கொண்ட பின்னரே நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு மையித்துக்குத் தொழுகை நடத்தியதாக ஹதீஸில் வருவதை மதரஸாவில் ஓதியிருக்கிறோம். அந்தத் தொழிலாளர்கள் ஓதியவர்கள் அல்லர். பலர் நம் மார்க்கத்தவரும் அல்லர். ஆயினும் அதே காரியத்தைச் செய்ய வருகிறார்கள்.

அப்போது நாம் என்ன செய்வது? கடன் இறந்தவருடையது, அவர் விட்டுச்சென்ற பொருளிலிருந்து தீர வேண்டியது. தோழர்மேல் அது கடமையன்று. மாதக் கூலியில் பாதியை ஊருக்கு அனுப்புகிறவரிடம் அதை வாங்குமுன் ஒரு கணம் யோசியுங்கள். விட்டுக்கொடுக்கச் சக்தியுள்ளவர் விட்டுக்கொடுத்தால் அது ஸதகா. சக்தியில்லாதவர் பாதியையாவது குறைக்கட்டும். எப்படியாயினும் அந்தப் பக்கத்தை அவர்கள் கண் முன்னாலேயே கோடிட்டு அடித்துக் காட்டுங்கள். கணக்குத் தீர்ந்தது என்று கண்ணால் கண்டால், நெஞ்சிலிருக்கும் பாரத்திலும் ஒரு பங்கு இறங்கும்.

செய்ய வேண்டியவை

நம் கடையில், கிட்டங்கியில், மலைப்பாதையில் ஓடும் வேனில் அப்படியொரு விபத்து நேராதிருக்க அல்லாஹ் காப்பானாக. நேர்ந்தால்:

முதலாவது, மற்றச் சிப்பந்திகளுக்கு முதலாளியே நேரில் செய்தி சொல்ல வேண்டும். கைத்தொலைபேசியில் பிறர் அனுப்பிய படத்தைப் பார்த்து அவர்கள் அறியும்படி விடக்கூடாது.

இரண்டாவது, கடையை அடைத்து, எல்லோரையும் சம்பளத்தோடு நல்லடக்கத்துக்கோ தகனத்துக்கோ போக விட வேண்டும். ஒரு நாள் வியாபாரம் போனால் வரும். அந்த ஒரு நாள் திரும்ப வராது.

மூன்றாவது, பழுது எதுவோ அது நீங்கும் வரையில் யாரையும் அதே வேலையில் நிறுத்தக்கூடாது. சரிந்த மூட்டை அடுக்கு என்றால் அடுக்கும் முறையை மாற்றி, அந்த விதியை எழுதி ஒட்ட வேண்டும்.

நான்காவது, விசாரணைக்கு வரும் அதிகாரியிடம் கண்டதைக் கண்டபடி சொல்லச் சிப்பந்திகளுக்குச் சுதந்திரம் கொடுக்க வேண்டும். இப்படிச் சொல், அப்படிச் சொல் என்று சொல்லிக்கொடுப்பது பொய்ச் சாட்சியில் சேரும். தோழனுக்குச் செய்த துரோகமாக அது அவர்கள் மனத்தில் என்றும் தங்கும்.

ஐந்தாவது, மூன்று நாளோடு மறந்துவிடாமல், ஒரு மாதம் கழித்து ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, தூக்கம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா என்று கேட்க வேண்டும்.

சங்கக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம் உறுப்பினர் கடைகளில் எத்தனை சிப்பந்திகளுக்குச் சொக்சோ கட்டப்படுகிறது?

2. தோட்டத்திலோ கடையிலோ விபத்தில் மவுத்தானவரின் தோழர்களை, எந்த மதத்தவராயினும், சங்கத்தின் சார்பில் போய்ப் பார்ப்பதற்கு இருவரை நியமிக்கலாமா?

3. இறந்த தொழிலாளியின் பற்றுக் கணக்கைத் தீர்ப்பதற்குச் சங்க நிதியில் ஒரு சிறு தொகை ஒதுக்கலாமா?

ராட்டினம் சுற்றினாலும், தேயிலை அரைத்தாலும், அரிசி அளந்தாலும் உழைப்பவன் மனிதனே. அவன் தோழனுக்காகச் சிந்தும் கண்ணீருக்கும் நம்மிடம் ஒரு ஹக்கு உண்டு. அதை நிறைவேற்றும் நற்பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.