மலைப் புல்வெளியில் மலரும் தரை ஆர்க்கிட்

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கே ஏலமலைத் தொடரும், தென்கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும், தேனிக்கு வடக்கே பழனி மலையும் மதில்கள் போல நிற்கின்றன. நெல்லும் திராட்சையும் தென்னையும் விளையும் நிலங்களில் பாடுபடும் நாம் இம்மலைகளை நாள்தோறும் காண்கின்றோம். ஆயினும் அவற்றின் உச்சியில் வளரும் செடிகொடிகளைப் பற்றி நாம் அறிந்தது சிறிதே. அவற்றுள் ஒன்றாகிய தரை ஆர்க்கிட்டைப் பற்றி இங்கே ஆராய்வோம்.

இம்மலைகளின் ஆர்க்கிட் செல்வம் முன்னரே அறிஞர்களின் கருத்தைக் கவர்ந்துள்ளது. எத்தல்பர்ட் பிளாட்டர் என்னும் பாதிரியார் மேகமலையின் ஆர்க்கிட்டுகளைப் பட்டியலிட்டு, 1928-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். அந்நாளில் அம்மலை ‘ஹை வேவி’ என்றும், மதுரை ஜில்லாவைச் சேர்ந்தது என்றும் குறிக்கப்பட்டது. தேனி தனி மாவட்டமானது 1996-இல்தான்.

செடியும் மலரும்

ஆர்க்கிட்டுகளில் மரக்கிளைகளைப் பற்றி வளர்வன ஒருவகை. மண்ணில் வேரூன்றி வளர்வன மற்றொரு வகை. பின்னதற்கு நல்ல எடுத்துக்காட்டு ‘சாட்டிரியம் நேபாலென்ஸ்’ என்பதாகும். டேவிட் டான் என்ற தாவரவியலார் 1825-இல் நேபாளத்துச் செடியைக் கண்டு இப்பெயரை இட்டார். இமயத்தில் வளரும் அதே செடி, இடையிலுள்ள பரந்த சமவெளியில் எங்கும் தோன்றாமல், பழனி மலை, நீலகிரி, மூணாறு ஆகிய பகுதிகளின் உயர்ந்த புல்வெளிகளிலும் இலங்கை மலைகளிலும் வளர்கின்றது.

மழைக்காலத்தில் தளிர்த்து, ஆவணி, புரட்டாசி மாதங்களில் இது மலர்கின்றது. அடியில் சில தடித்த இலைகளும், நடுவே நிமிர்ந்த ஒரு தண்டும், அதன் நுனியில் நெருங்கிய இளஞ்சிவப்பு அல்லது வெண்ணிறப் பூக்களும் காணப்படும். ஒவ்வொரு பூவின் பின்னும் இரண்டு சிறு குழல்கள் கீழ்நோக்கித் தொங்கும். தேன் அவற்றுள் இருப்பதால், நீண்ட உறிஞ்சுகுழல் உடைய பூச்சிகளே அதனை எட்டும். தேனை நாடி வரும் பூச்சியின் உடலில் மகரந்தத் திரள் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவைச் சென்றடைகின்றது.

மண்ணுக்குள் நடப்பது

மழை ஓய்ந்தபின் தண்டும் இலையும் காய்ந்து மறைகின்றன. ஆயினும் செடி மடிந்துவிடவில்லை. மண்ணுக்குள் இரண்டு கிழங்குகள் இருக்கின்றன. ஒன்று இவ்வாண்டுப் பூவுக்கு உணவளித்துச் சுருங்குவது. மற்றொன்று அடுத்த ஆண்டுக்கென உணவைச் சேமித்து வைப்பது. ஆதலின் கிழங்கைத் தோண்டி எடுப்பது விதைநெல்லைக் குற்றித் தின்பதற்கு ஒப்பாகும்.

விதையின் நிலை இன்னும் வியப்புக்குரியது. ஒரு காயில் தூசி போன்ற ஆயிரக்கணக்கான விதைகள் இருப்பினும், நெல்மணியில் உள்ளதுபோல் அவற்றில் உணவுச் சேமிப்பு இல்லை. மண்ணில் வாழும் ஒருவகைப் பூஞ்சை விதையினுள் புகுந்து உணவூட்டினால்தான் அது முளைக்கும். இவ்வுண்மையை நோயெல் பெர்னார் என்ற பிரெஞ்சு அறிஞர் 1899-இல் கண்டறிந்தார். எனவே, அழகிய பூவென்று செடியைப் பெயர்த்து வந்து வீட்டுத் தொட்டியில் வைத்தால் அது பெரும்பாலும் அழிந்தே போகும். செடியை எடுத்து வரலாம். அதன் மண்ணையும் குளிரையும் மேகத்தையும் எடுத்து வர இயலுமோ?

புல்வெளி தரிசு அன்று

உலக அளவில் இச்செடி அருகிவிட்டது என்று கூறுவதற்கில்லை. ஆனால் நம் மலைகளில் இதற்கேற்ற இடம் சுருங்கி வருகின்றது. உயர்ந்த மலைகளில் சோலைக்காடும் புல்வெளியும் அடுத்தடுத்து அமைவது இயற்கை. மரமில்லாத புல்வெளியைப் பயனற்ற தரிசு எனக் கருதி, பழனி மலையிலும் நீலகிரியிலும் யூகலிப்டஸ், சீகை, பைன் ஆகிய அயல்நாட்டு மரங்களை நட்டனர். மரநிழல் மூடிய இடத்தில் புல் மறைந்தது. புல்லோடு தரை ஆர்க்கிட்டும் மறைந்தது. இத்தகைய அயல் தாவரங்களை அகற்றுவதற்கெனத் தமிழ்நாடு அரசு 2022-இல் ஒரு கொள்கையை வெளியிட்டது.

தீயும் பெரும் பகை. 2018 மார்ச் 11-இல் போடிக்கு மேலே குரங்கணி மலையில் பரவிய தீயில் மனித உயிர்கள் பல பறிபோயின. காய்ந்த புல்லில் தீ எவ்வளவு விரைவாக ஓடும் என்பதை அத்துயரம் காட்டிற்று. கிழங்கு உறங்கும்போது தீ மேலோடு கடந்தால் அது தப்பிப் பிழைக்கக்கூடும். தளிர்த்தபின் தீ வந்தால் அவ்வாண்டுப் பூவும் விதையும் இல்லை.

புல்வெளியின் பயன் ஒரு பூவோடு முடிவதன்று. புல்லின் அடர்ந்த வேர்கள் மழைநீரைப் பிடித்து மண்ணுக்குள் மெல்ல இறக்குகின்றன. வருசநாட்டு மலையில் தோன்றும் வைகையும், மேகமலைச் சாரலிலிருந்து இறங்கும் சுருளியும், மேலே சோலையும் புல்லும் நிலைபெற்றிருந்தால்தான் செழிப்புறும்.

நாம் செய்யத்தக்கவை

நாட்டு மருந்துக் கடைகளில் ‘சாலாமிசிரி’ என விற்கப்படுவது தரை ஆர்க்கிட் இனங்களின் உலர்ந்த கிழங்கேயாகும். கிழங்கு தோண்டித் தருமாறு வெளியூர் வணிகர் கேட்டால் மறுத்துவிட வேண்டும். காப்புக் காடுகளிலும், 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்திலும் செடிகளைப் பறிப்பது சட்டப்படி குற்றம். பூக்கும் இரண்டு மாதங்களில் பூத்த சரிவுகளைத் தவிர்த்துக் கால்நடைகளை ஓட்டிச் செல்லலாம். கோடையில் மலைப்பாதையில் நெருப்பு மூட்டாதிருத்தல் வேண்டும். ஆசிரியர்கள் மாணவர்களை அழைத்துச் சென்று, பறிக்காமல் பார்த்து, வரைந்து, மலரும் நாளைக் குறித்து வைக்கப் பழக்கலாம்.

ஆண்டுதோறும் அதே சரிவில் அம்மலர் தோன்றுமாயின், அங்குள்ள புல்லும் மண்ணும் ஈரமும் இன்னும் நலமாக உள்ளன என்று பொருள். அது நம் வயல்களுக்கும் நற்செய்தியேயாகும்.