பத்திரத்தின் பின்பக்கத்தைப் பார்

அன்புத் தம்பிக்கு,

குடும்ப வரலாறு தேடித் தருவதைத் தொழிலாகவே எடுத்துக்கொள்ளப் போவதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். முதல் வேலையே பல்லாவரத்துக் குடும்பம் ஒன்று. நான்கு தலைமுறையாக அங்கேயே இருப்பவர்கள். கொள்ளுத் தாத்தாவுக்கு மேலே பெயர் தெரியவில்லை. உள்ளூரில் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. இதே இடத்தில் பலரும் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

புறநகர்க் குடும்பத்தின் பழைய காகிதம் பெரும்பாலும் அந்தப் புறநகரில் இருப்பதில்லை. பல்லாவரம், குரோம்பேட்டை, பெரம்பூர், அம்பத்தூர் எல்லாம் பிழைக்க வந்தவர்கள் இறங்கிய இடங்கள். பட்டாளத்துக்கு வந்தவர்கள் உண்டு, தோல் கம்பெனிக்கு வந்தவர்கள் உண்டு, ரயில்வேக்கும் மில்லுக்கும் வந்தவர்கள் உண்டு. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, பட்டணத்தில் உத்தியோகம், இங்கே வீடு என்று வந்தவர்களும் உண்டு. அதனால் ஆளைத் தேடுவதற்கு முன்னால் அவரைப் பதிந்திருக்கக்கூடிய அலுவலகம் எது என்று தேடு. அதற்கு இரண்டு கேள்விகள் போதும்: சம்பவம் எங்கே நடந்தது? அந்த வருஷத்தில் அந்த இடம் யார் எல்லைக்குள் இருந்தது?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள். பழைய பத்திரத்தில் பல்லாவரம் என்பது செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா. பிறகு அந்த ஜில்லாவுக்குச் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்று பெயர் வந்தது. 1997-இல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டானது. 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டம். 2021-இல் பல்லாவரம் நகராட்சியே தாம்பரம் மாநகராட்சிக்குள் போய்விட்டது. பக்கத்தில் இருக்கும் ஆலந்தூரோ 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. போதாக்குறைக்கு நடுவிலே பரங்கிமலை-பல்லாவரம் கண்டோன்மென்ட் தனி நிர்வாகம். ஒரே தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேறு வேறு பதிவேட்டில் இருக்கலாம். ஒரு ஊருக்கு இப்படி ஒரு வரிசையை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் எந்தக் கவுன்ட்டரிலும் போய் நிற்காதே.

இனி முதல் கேள்வி. பிறப்பும் இறப்பும் நடந்த இடத்தில்தான் பதிவாகும், குடியிருந்த இடத்தில் இல்லை. பல்லாவரத்துப் பிள்ளை எழும்பூர் பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியில் பிறந்தால் பதிவு சென்னை மாநகராட்சியில். காசநோயோடு தாம்பரம் சானடோரியத்தில் போய் இறந்தவரின் பதிவு தாம்பரத்தில். இதைவிட முக்கியம், தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற நம் வழக்கம். மூத்த பிள்ளையின் பிறப்புப் பதிவு அம்மாவின் ஊரில் இருக்கும். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் இங்கே பதிவு இருந்து, மூத்தவருக்கு மட்டும் இல்லையென்றால் கவலைப்படாதே. பாட்டியின் ஊரைக் கண்டுபிடிக்க அதுதான் வழி. அந்த ஊர் கிராமமாக இருந்தால், அன்றைக்கு எழுதியவர் கிராம முன்சீப். பழைய கிராமப் பதிவேடுகளைப் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்க வேண்டியிருக்கும். பெயரைச் சொல்லித் தேடச் சொல்லாதே. பிறந்தவுடன் யார் பெயர் வைத்தார்கள்? ‘ஆண் குழந்தை’, ‘பெண் குழந்தை’ என்றுதான் எழுதியிருக்கும். தகப்பன் பெயரையும் உத்தேசமான வருஷத்தையும் கொடு. பள்ளிக்கூடச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை நம்பி வருஷத்தைக் குறிக்காதே. ஜூனில் சேர்க்கை, அதற்குத் தோதாக வாத்தியார் போட்ட தேதிகள் நம் நாட்டில் ஏராளம்.

இப்போது பத்திரத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பிடித்தது. வீட்டுக்காரர்கள் பீரோவிலிருந்து தாய்ப்பத்திரத்தை எடுத்துக் கொடுப்பார்கள். ஜில்லா, தாலுகா, கிராமம், இன்னார் குமாரர் இன்னாருக்கு, இன்னார் குமாரர் இன்னார் எழுதிக்கொடுத்த சுத்தக் கிரய சாசனம் என்று ஆரம்பிக்கும். பெரும்பாலோர் அந்த இரண்டு தகப்பன் பெயர்களையும் குறித்துக்கொண்டு பத்திரத்தை மூடிவிடுவார்கள். நீ மூடாதே. சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் பாராவைப் படி: பிதுரார்ஜிதமா, சுயார்ஜிதமா, எந்த வருஷத்துப் பத்திரம், என்ன நம்பர், எந்தச் சார்பதிவகம். அந்த நம்பரும் வருஷமும் இருந்தால் நகல் மனுப் போட்டு முந்தைய பத்திரத்தை வாங்கிவிடலாம். நம்பர் இல்லையென்றால் வில்லங்கச் சான்று (ஈ.சி.). கணினியில் பெரும்பாலும் 1975-க்குப் பிறகுதான் கிடைக்கும். அதற்கு முந்தையதற்கு மேனுவல் ஈ.சி. கேட்டு மனுப் போட வேண்டும், காத்திருக்கவும் வேண்டும்.

பிறகு சொத்து விவரத்துக்குப் போ. இன்னார் வீட்டுக்கு மேற்கு, இன்னார் மனைக்குத் தெற்கு என்று நான்கு எல்லை எழுதியிருக்கும். அந்த இன்னார்கள் பல சமயம் அண்ணன் தம்பிகள், பங்காளிகள். ஒரே மனை பிரிந்துதானே நான்கு வீடானது! கடைசியாகப் பத்திரத்தைத் திருப்பு. பின்பக்கத்தில் சார்பதிவாளர் எழுதிய குறிப்பு இருக்கும்: தாக்கல் செய்தவர், கைரேகை, அடையாளம் காட்டியவர்கள், அவர்களுடைய தகப்பன் பெயர், ஊர். இவரை எனக்குத் தெரியும் என்று பத்திர ஆபீசில் வந்து கையெழுத்துப் போடுகிறவர் யார்? மச்சான், மாமன், அல்லது ஊரிலிருந்து சேர்ந்து வந்தவர். பல்லாவரத்தில் வாங்கிய மனைக்கு வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவர் அடையாளம் காட்டியிருந்தால் எந்த ஊருக்குப் பஸ் ஏற வேண்டும் என்பது உனக்குத் தெரிந்துவிட்டது.

தேதியில் மட்டும் ஜாக்கிரதை. துன்மதி வருஷம் ஆனி மாதம் என்று மட்டும் இருந்தால் அது 1921 ஆகவும் இருக்கலாம், 1861 ஆகவும் இருக்கலாம். முத்திரைத் தாளும் கையெழுத்து நடையும்தான் தீர்ப்புச் சொல்லும். நிலக் கணக்கில் பசலி ஆண்டு இருந்தால் 590-ஐக் கூட்டு. பசலி 1350 என்றால் 1940 ஜூலையிலிருந்து 1941 ஜூன் வரை.

பெண்களைத் தேடுவது கஷ்டம். பழைய பாகப்பிரிவினையில் பையன்கள் மட்டும் ‘ஏ’ ஷெட்யூல், ‘பி’ ஷெட்யூல் என்று பிரித்துக்கொண்டிருப்பார்கள், அக்கா தங்கைகள் பிறக்கவே இல்லாத மாதிரி. 1989-இல் தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டுப் பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்தது. அதற்குப் பிறகு அவர்களிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குவது பெருகியது. பங்கை விட்டுக்கொடுக்கிற காகிதத்தில்தான் பல பெண்களின் பெயரும் வாழ்க்கைப்பட்ட ஊரும் முதன்முதலாகத் தெரிகின்றன. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் எரிச்சல் வரும். ஆனாலும் படி.

பத்திரம் இல்லாதவர்களிடம் மொய் நோட்டுக் கேள். கோடு போட்ட நீள நோட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, மஞ்சள் தடவியிருக்கும். ஊர், பெயர், தொகை. ஊர் வாரியாக எண்ணிப் பார். எந்த ஊரிலிருந்து அதிகம் பேர் வந்து எழுதினார்களோ அங்கேதான் வேர். தாய்மாமன் மொய் முதலில் இருக்கும், அவருடைய ஊரோடு. கருமாதிப் பத்திரிகை, பெயர் வெட்டிய பித்தளை அண்டா, குலதெய்வம் கோயில் இருக்கும் ஊர், இதெல்லாம் அடுத்த படி. குலதெய்வம் எங்கே என்று கேட்காமல் எந்த வீட்டிலிருந்தும் எழுந்து வராதே.

சொந்த மனையே இல்லாத கூலிக் குடும்பங்களுக்குப் பத்திர ஆபீசில் ஒன்றும் இருக்காது. தலித் குடும்பங்கள் பலவற்றுக்கு இதுதான் நிலை. அங்கே பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு, வேலை பார்த்த இடத்தின் சர்வீஸ் புத்தகம், கிறிஸ்தவர்களானால் ஞானஸ்நானப் பதிவேடு. பெரம்பூர்ப் பக்கம் போனால் ரயில்வேயும் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில்லும்தான் பாதி ஊரின் பூர்வீகம். மில் 1996-இல் மூடிவிட்டது, அதனால் வீட்டில் பி.எஃப். சீட்டு, யூனியன் அட்டை எது கிடைத்தாலும் உடனே போட்டோ எடு.

பரங்கிமலை, பல்லாவரத்து ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்கு வழி வேறு. பெர்த்திலிருந்தும் மெல்போர்னிலிருந்தும் உனக்கு மெயில் வரத்தான் போகிறது. மெட்ராஸ் பீரங்கிப் படைக்குப் பரங்கிமலைதான் தலைமையிடமாக இருந்தது. அன்றைய சர்ச்சுகளில் நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் லண்டனுக்குப் போயின. அவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் ‘என்/2’ என்ற வரிசையில் இருக்கின்றன. கட்டணம் கட்டினால் ஃபைண்ட்மைபாஸ்ட் இணையதளத்தில் பார்க்கலாம். தகப்பனின் பதவியும் அதில் இருக்கும், அதிலிருந்து படைப்பிரிவுக்குப் போகலாம். கத்தோலிக்கர்களானால் கோயிலுக்கே போய்ப் பங்குத் தந்தையைப் பார். ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில், பிற்பாடு எந்தக் கோயிலில் கல்யாணம் நடந்தது என்று சின்ன எழுத்தில் குறித்திருப்பார்கள். கேட்க வேண்டிய மறைமாவட்டத்திலும் கவனம் வை: 1952 வரை மயிலாப்பூர் வேறு, மெட்ராஸ் வேறு, இன்றைக்குப் பரங்கிமலை செங்கல்பட்டு மறைமாவட்டத்தில். கல்லறைகளுக்கு, 1905-இல் ஜே.ஜே. காட்டன் தொகுத்த சென்னை மாகாணக் கல்லறை வாசகங்கள் இருக்கின்றன. கல் உடைந்துபோயிருந்தாலும் வாசகம் அதில் பிழைத்திருக்கலாம்.

மக்கள்தொகைக் கணக்கை எதிர்பார்க்காதே. வெளிநாட்டில் இருப்பவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள், ஏனென்றால் அமெரிக்காவில் 72 வருஷம் கழித்துப் பெயரோடு திறந்துவிடுகிறார்கள். இங்கே 1948-ஆம் வருஷத்துச் சட்டப்படி அந்தப் படிவங்கள் யார் பார்வைக்கும் வராது. வாக்காளர் பட்டியல் பரவாயில்லை: கதவு எண், வயது, தகப்பன் அல்லது கணவன் பெயர், ஒரே வீட்டில் யார் யார் என்பது வரை தெரியும்.

இன்னும் ஒன்று, பணம். தேடும் வேலைக்குக் கூலி வாங்கு, கண்டுபிடிப்புக்கு வாங்காதே. கண்டுபிடித்தால்தான் காசு என்று ஒப்புக்கொண்டால், ஒரே பெயரில் இருக்கும் இரண்டு முனுசாமிகளில் வசதியானவரைத் தாத்தாவாக்கிவிடத் தோன்றும். பல்லவர் வம்சம், பாளையக்காரர் வம்சம் என்று எழுதித் தரச் சொல்லி வருகிறவர்களைக் காபி கொடுத்து அனுப்பிவிடு. இரண்டாம் தாரம், சுவீகாரம், மாறிய சாதிப் பெயர் என்று ஏதாவது கிளம்பினால் அறிக்கையில் எழுதுவதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் தனியாகச் சொல். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், பல சமயம் மீதிக் கதையும் அப்போதுதான் வெளியே வரும்.

உன் பல்லாவரத்துக் குடும்பத்தில் யார் மூத்த பிள்ளை, அவர் எந்த ஊரில் பிறந்தார் என்று கேட்டு எழுது. வீட்டுப் பத்திரத்தின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு, கைரேகைக்குக் கீழே இருக்கும் வரிகள் தெளிவாகத் தெரியும்படி.

அன்புடன்,
அண்ணன்