டேப் தட்டிவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு

அலுவலகம் அம்பத்தூர் எஸ்டேட்டில், வீடு ஆவடியில், சர்வரோ அமெரிக்காவின் வர்ஜீனியாவில். ஈமாக்ஸில் அந்த சர்வரின் ஃபைல் பெயரை நாலெழுத்து அடித்து டேப் தட்டினால் திரை உறைந்து நிற்கிறது. வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பலர் இதற்காக இன்டர்நெட் பிளானை ஏற்றிப் பார்க்கிறார்கள். தண்டச் செலவு.

சென்னையிலிருந்து வர்ஜீனியாவுக்கு ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்பச் சுமார் கால் நொடி பிடிக்கும். கேபிளின் நீளம் அப்படி. சர்வர் மும்பையில் இருந்தால் இந்தத் தொல்லை தெரியவே தெரியாது. டேப் தட்டியதும், ஈமாக்ஸில் தொலைதூர ஃபைல்களைக் கையாளும் டிராம்ப், அங்குள்ள ஷெல்லிடம் டைரக்டரி இருக்கிறதா, உள்ளே என்னென்ன, அவற்றில் எது ஃபைல், எது டைரக்டரி என்று விசாரிக்கும். இந்த விசாரணையைக் குறைப்பதுதான் வைத்தியம்.

கிடைத்த பட்டியலை டிராம்ப் நினைவில் வைத்துக்கொள்ளும், ஆனால் வழக்கமாகப் பத்து நொடிக்குத்தான். 'ரிமோட்-ஃபைல்-நேம்-இன்ஹிபிட்-கேஷ்' என்ற அமைப்பில் 10 என்றிருப்பதை 60 ஆக்குங்கள். 'நில்' என்று போட்டால் பட்டியல் காலாவதியே ஆகாது, இன்னும் வேகம். ஆனால் நீங்கள் மட்டுமே புழங்கும் சர்வருக்குத்தான் அது சரி. நாலு பேர் ஃபைல் போடும் இடத்தில் அப்படிச் செய்தால், சக ஊழியர் இப்போதுதான் வைத்த ஃபைலை இல்லை என்று சாதித்துக்கொண்டிருப்பீர்கள்.

எழுத்துக்கு எழுத்து தானாகப் பட்டியல் விரிக்கும் 'கம்பெனி', 'கார்ஃபு' போன்ற ஈமாக்ஸ் நீட்சிகளைத் தொலைதூர ஃபைல்களுக்கு நிறுத்திவிடுங்கள். கேட்டால் மட்டும் காட்டட்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

சர்வர் பெயரே டேப்புக்கு வரவில்லையா? உபுண்டுவில் எஸ்எஸ்எச், பார்த்த சர்வர்களின் பெயர்களை மறைத்துத்தான் சேமிக்கும். அதிலிருந்து டிராம்ப் எதையும் படிக்க முடியாது. எஸ்எஸ்எச் கான்ஃபிக் ஃபைலில் ஒவ்வொரு சர்வருக்கும் 'ஹோஸ்ட்' வரி எழுதிவிட்டால் பெயர் வந்துவிடும். நடுவில் இன்னொரு சர்வர் வழியாகப் போக வேண்டுமென்றால் 'பிராக்ஸி ஜம்ப்' வரியையும் அங்கேயே சேருங்கள். ஈமாக்ஸில் அடிக்கும் பாதை சின்னதாகவே இருக்கும்.

முதல் இணைப்பிலேயே தொங்கினால் சந்தேகம் சர்வரின் ஷெல் மீது. வண்ண வண்ணமாக அலங்கரித்த பிராம்ப்டை டிராம்ப்புக்கு அடையாளம் தெரியாது. 'டெர்ம்' மதிப்பு 'டம்ப்' என்று வந்தால் வெறும் டாலர் குறி மட்டும் காட்டும்படி ஷெல்லின் தொடக்க ஃபைலில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

அம்பத்தூரில் லேப்டாப்பை மூடி, ஆவடி வந்து திறப்பவர்களுக்குப் பழைய இணைப்பு செத்துக் கிடக்கும்; டேப் அதனிடமே கேட்டுக்கொண்டிருக்கும். 'டிராம்ப்-கிளீனப்-ஆல்-கனெக்‌ஷன்ஸ்' கட்டளையைக் கொடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். கான்ஃபிக்கில் 'சர்வர் அலைவ் இன்டர்வெல்' 15 என்று வைத்தால், செத்த இணைப்பை எஸ்எஸ்எச் முக்கால் நிமிடத்தில் தானே கைவிட்டுவிடும்.