இரும்பைக் காட்டும் காந்தம்

உடம்பில் இரும்பு குறைந்தால் சோகை வரும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். முருங்கைக் கீரை உண்ணச் சொல்லி வீட்டுப் பெரியவர்கள் வற்புறுத்துவதும் அதனாலேதான். ஆனால், சோகையும் இருந்து, இரும்பும் மிகுந்து, அந்த இரும்பே உயிருக்கு உலை வைக்கும் நோய் ஒன்று உண்டு. அதன் பெயர் தலசீமியா. இந்நோயுற்ற குழந்தைகளின் இதயத்தில் எவ்வளவு இரும்பு சேர்ந்திருக்கிறது என்பதைக் கத்தியின்றிக் கண்டு சொல்வது காந்த ஒத்ததிர்வுப் படம்; மக்கள் வழக்கில் எம்.ஆர்.ஐ. அது எவ்வாறு சொல்கிறது, அதனால் விளையும் பயன் யாது என்பவற்றைக் காண்போம்.

நோயும் இரும்பும்

குருதியைச் சிவப்பாக்குவது ஹீமோகுளோபின். அதை வேண்டிய அளவு ஆக்க முடியாத குறையுடன் சில குழந்தைகள் பிறக்கின்றன. தாய், தந்தை இருவரும் இக்குறையை மறைவாகத் தாங்கியவர்களாயின், ஒவ்வொரு பேற்றிலும் நோய் வெளிப்பட 4இல் 1 பங்கு வாய்ப்பு உண்டு. இது சிந்தி மக்களின் நோய், நமக்கு வராது என்று செம்பூரில் சிலர் எண்ணுவதுண்டு. அம்மக்களிடையே மிகுதி என்பது உண்மை. நமக்கு இல்லை என்பது உண்மையன்று. மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள்ளேயே மணம் முடிப்பது இதற்கு இடங்கொடுக்கிறது.

கடும் நோயுள்ள குழந்தைக்கு 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை குருதி ஏற்ற வேண்டும். ஒரு பைக் குருதியில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளது. உடம்போ நாளொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராமையே இழக்கிறது. மிகுதியை வெளியேற்ற அதற்கு வழியில்லை. ஆண்டுக்கு 20 பை ஏற்றினால் 4 கிராமுக்குக் குறையாமல் உள்ளே தங்கும். நலமாக வளர்ந்த ஒருவரின் உடம்பு முழுவதிலும் இருப்பதே 3 முதல் 4 கிராம்தான்! வாழ்விக்க ஏற்றும் குருதியே இரும்பைக் கொண்டு சேர்க்கிறது. அது ஈரலில் தங்குகிறது, சுரப்பிகளில் தங்குகிறது, இறுதியில் இதயத் தசையிலும் படிகிறது.

இதயம் எளிதில் முறையிடாது. மின்பதிவும் எக்கோவும் நெடுநாள் நலமாகவே காட்டக்கூடும். குருதியில் பெரிட்டின் அளவைப் பார்ப்பது நல்ல சோதனையே. ஆயினும் இதயத்தின் நிலையை அது உறுதியாகச் சொல்லாது. இதயம் தளர்ந்தபின் அறிவதைவிட, தளருமுன் அறிவதன்றோ வேண்டுவது?

கருவி காண்பது எப்படி?

நம் உடம்பில் பெரும்பகுதி நீர். நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சின்னஞ்சிறு காந்தங்களைப் போன்றவை. வலிய காந்தப் புலத்தில் வைத்து, தக்க வானொலி அலையை அனுப்பினால் அவை ஒருசேரச் சுழன்று விடையலை தருகின்றன. இந்த ஒத்ததிர்வை 1946இல் பிளாக், பர்செல் இருவரும் தனித்தனியே கண்டனர். 1952இல் நோபல் பரிசு பெற்றனர். இதைக்கொண்டு படம் ஆக்கலாம் என்று 1973இல் லாட்டர்பர் காட்டினார். அவருக்கும் மான்ஸ்பீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது.

தாராவியில் பொங்கல் நாளன்று பெண்கள் கும்மியடிப்பதாக எண்ணுவோம். எல்லாரும் ஒரே தாளத்தில் தட்டினால் ஓசை தெருக்கோடி வரை கேட்கும். இடையிடையே சிலர் வேறு வேறு தாளத்தில் பறை கொட்டினால் அருகிலிருப்பவர் கை பிறழும். ஓசை கலைந்து போகும். இதயத் தசையில் படிந்த இரும்பு அப்படிப்பட்ட பறை. அது தன்னைச் சுற்றியுள்ள காந்தப் புலத்தைக் குலைப்பதால் அணுக்கருக்களின் ஒற்றுமை விரைவில் கெடுகிறது. விடையலை எவ்வளவு விரைவில் தேய்கிறதோ, அவ்வளவு இரும்பு இருக்கிறது என்பது பொருள்.

தேய்வின் அளவை டி-டூ-ஸ்டார் என்பர். இதை இதயத்துக்குப் பயன்படுத்தும் முறையை 2001இல் இலண்டனில் ஆண்டர்சன், பென்னல் முதலியோர் வெளியிட்டனர். 1.5 டெஸ்லா காந்தத்தில் இவ்வளவு 20 மில்லிவிநாடிக்கு மேல் இருந்தால் இதயத்தில் இரும்பு மிகவில்லை. 10க்கும் 20க்கும் இடையில் எச்சரிக்கை. 10க்குக் கீழே போனால் இதயம் தளரும் ஆபத்து மிகுதி. இரும்பை அகற்றும் மருந்தை மருத்துவர் உடனே கடுமையாக்குவார்.

குழந்தையும் காந்தமும்

குழந்தையின் இதயம் சிறிது, துடிப்பு விரைவு. ஆகவே மின்பதிவைக் கொண்டு ஒவ்வொரு துடிப்பிலும் ஒரே நிலையைத் தேர்ந்து படம் எடுக்கின்றனர். மூச்சினால் நெஞ்சு அசையாதிருக்கச் சில விநாடிகள் மூச்சை அடக்கச் சொல்கின்றனர். மிகச் சிறிய குழந்தைக்கு மயக்க மருந்து வேண்டியிருக்கலாம். இரும்புச் சோதனையைப் பொதுவாகப் பத்து வயதையொட்டித் தொடங்குவதால், பழக்கிவிட்டால் மயக்கமின்றியே முடிக்கலாம். இரும்பை அளக்க மட்டுமாயின் சாய மருந்தும் போடவேண்டியதில்லை.

"இதயத்திலே இரும்பு, கருவியோ காந்தம், பிடித்து இழுக்காதா?" என்று தாய்மார் கேட்பது நியாயமே. இழுக்காது. உடம்பிலுள்ள இரும்பு புரதங்களோடு கட்டுண்டு கிடப்பது, ஆணியைப் போன்றதன்று. எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சும் இதில் இல்லை. ஆதலால் ஆண்டுதோறும் எடுக்கலாம்.

அஞ்ச வேண்டியது வெளியிலுள்ள இரும்புக்கே. அந்தக் காந்தம் புவியின் காந்தத்தைப்போல் ஏறக்குறைய 30,000 மடங்கு வலிமை உடையது. படம் எடுக்காத வேளையிலும் அது ஓய்வதில்லை. 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில் ஆக்சிஜன் உருளையுடன் உள்ளே சென்ற ஒருவர் காந்தத்தால் இழுக்கப்பட்டு உயிர் இழந்தார். ஆகவே ஊக்கு, தாயத்து, கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். வெள்ளியும் பொன்னும் இழுபடா; ஆயினும் வானொலி அலையால் சூடேறலாம், படமும் கெடும்.

பயனும் கடமையும்

பிரிட்டனில் 1980 முதல் 1999 வரை தலசீமியா நோயாளர் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 12.7 ஆக இருந்த இறப்பு, 2000க்குப் பின் 4.3 ஆகக் குறைந்ததாக 2008இல் வெளியான ஆய்வு கூறுகிறது. நல்ல மருந்துகளோடு, யாருடைய இதயத்தில் இரும்பு ஏறியது என்று காலத்தே அறிந்ததும் இதற்குக் காரணம். படம் நோயைத் தீர்ப்பதில்லை. யாருக்கு, எப்போது, எவ்வளவு மருந்து என்பதைக் காட்டுகிறது.

தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் அண்மையிலுள்ள சயான் மாநகராட்சி மருத்துவமனைக்குக் குருதி ஏற்றிக்கொள்ளக் குழந்தைகள் வருகின்றனர். அங்கே காத்திருக்கும் பெற்றோரில் தமிழ் மட்டும் அறிந்தவரும் இருப்பர். "பிள்ளைக்கு இதய டி-டூ-ஸ்டார் பார்த்தாயிற்றா? எங்கே பார்க்கலாம்?" என்று மருத்துவரைக் கேட்க அவர்களுக்குத் துணையாக ஒருவர் வேண்டும். கருவியின் உள்ளே ஒலிக்கும் பேரொலிக்குக் காதடைப்பு உண்டு என்று குழந்தையிடம் முன்னரே சொல்லவும், "ஸாஸ் ரோக்கோ" என்றதும் மூச்சை அடக்கப் பழக்கவும் ஒருவர் வேண்டும். மணத்துக்கு முன் ஒரு குருதிச் சோதனை செய்துகொண்டால் இந்நோய் பிறவாமலே தடுக்கலாம் என்று உறவினரிடம் எடுத்துரைக்கவும் ஒருவர் வேண்டும்.

இவற்றைச் செய்ய மருத்துவப் பட்டம் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நம் மன்றத்து மாணவர்கள் முன்வருவார்களாக!