இந்த மாதப் பாடம்: நம்ம மலைக்கும் ஒரு வரலாறு உண்டு



"குரங்கணியில வந்து பார்க்க என்ன இருக்கு, வெறும் காடும் மேடும்தானே?" என்று குழுக் கூட்டங்களில் கேட்கிறீர்கள். நிறையவே இருக்கு.

தெரிந்துகொள்வோம்

1902ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலை கொண்டுவர ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியை இழுத்தது மாடு! 1908ல் அதுவே சின்ன ரயில் பாதையானது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கிக்கொண்டே கொட்டகுடிக்கு இறங்கின. அதனால்தான் அங்கே 'பாட்டம் ஸ்டேஷன்' என்ற பெயர். பிறகு மாட்டு வண்டியில் போடி. 1924 வெள்ளம் மலை ரயில் பாதையை அழித்துவிட்டது.

போடிக்கு ரயில் வந்தது 1928ல். அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்ற ரயில், 2023 ஜூனில் திரும்பி வந்தது. வெளியூர்க்காரர்கள் வர வழி திறந்திருக்கிறது. அந்த வருமானம் நம்ம வீட்டுக்கும் வர வேண்டாமா?

மறக்கக் கூடாதது

11.3.2018 அன்று குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேற வந்த 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெண்கள் பலர். அதன்பின் மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வந்தன. 2024ல் தொடங்கிய 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தில் குரங்கணி–சாம்பலாறு பாதையும் உண்டு. முன்பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் போக வேண்டும். "நூறு ரூபா தர்றேன், குறுக்கு வழி காட்டும்மா" என்று யார் கேட்டாலும் முடியாது என்று சொல்லுங்கள்.

குழுவாக என்ன செய்யலாம்?

1. ஏலக்காய் பாக்கெட்: தரம் பிரிப்பது நமக்குக் கைவந்த வேலை. 1 கிலோவை 50 கிராமாகப் போட்டால் 20 பாக்கெட். காய் விலை, கவர், லேபிள், சேதாரம், நம்ம கூலி எல்லாம் கூட்டி 20ஆல் வகுத்தால் அடக்க விலை. கூலியை விட்டுவிடாதீர்கள்! உணவுப் பாதுகாப்புப் பதிவு அவசியம். எடையும் பாக்கெட் போட்ட தேதியும் லேபிளில் இருக்கட்டும்.

2. சாப்பாடு: முன்கூட்டியே ஆள் கணக்கு கேட்டுச் சமையுங்கள். இலையில் பரிமாறினால் பிளாஸ்டிக் குப்பை சேராது.

3. ஊர்க்கதை: தேயிலைப் பெட்டி இறங்கிய காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் கேட்டு வைத்திருப்பதை நோட்டில் எழுதுங்கள். அவர்களுக்குப் பின் சொல்ல ஆள் இருக்காது.

கூட்டத்தில் பேசுங்கள்

* நம்ம ஊரில் வெளியூர்க்காரர் பார்க்கத் தக்கது எது?
* அவர்கள் செலவழிக்கும் பணம் இப்போது யார் கைக்குப் போகிறது?
* காட்டில் புகை தெரிந்தால் முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும்? வனத்துறை எண் எல்லோரிடமும் இருக்கிறதா?

பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.